உங்களுக்குத் தெரியுமா? பச்சை அவரைப் பந்தலில் ஓர் ஊதாக் கொடி

ஆடியில் ஊன்றிய அவரை முளைத்து நாலு இலை விட்டிருந்தது. மொத்தம் ஒன்பது கன்றுகள். எட்டின் தண்டு இளம்பச்சை. ஒன்பதாவதன் கணுக்களில் மட்டும் கத்தரிக்காய்த் தோலின் நிறம். ஒன்பது விதையும் ஒரே முடிச்சிலிருந்து எடுத்தவை. அத்தை ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பச்சைக்காய் அவரை அது. முந்தின வருஷம் அதை வளர்த்து, விதைக்கென்று காய்களை விட்டு, நெற்று காய்ந்ததும் உரித்து எடுத்து வைத்தது நான்தான். மார்கழியில் மற்றக் கொடிகள் வெள்ளையாகப் பூத்தபோது இது ஊதாவாகப் பூத்தது. பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, “அக்கா, எங்க வீட்டுக் கொடி உங்க பந்தலுக்குத் தாவிருச்சா?” என்று கேட்டாள். அவள் வீட்டில் படர்ந்திருப்பது ஊதா அவரை. தாவியது கொடி அல்ல, மகரந்தம். அதுவும் அந்த மார்கழியில் அல்ல, அதற்கு முந்தின மார்கழியில்.

வீட்டு விதையை எடுத்து வைத்து விதைக்கிற எல்லோருக்கும் ஒருநாள் இப்படி ஒரு கொடி முளைக்கும். அந்தக் கொடியைப் பற்றியும், அதன் உறவுகளைப் பற்றியும் சில செய்திகள்.

தோல் அம்மாவுடையது

பிதுக்கம்பருப்புக்காக மொச்சையை ஊறவைத்துப் பிதுக்குகிறோம். விரலில் மிஞ்சுகிற தோல் முழுக்க முழுக்கத் தாய்ச் செடியின் உடம்பு. அதில் அப்பாவுக்குப் பங்கே இல்லை. நழுவிக் கிண்ணத்தில் விழும் பருப்பிலும், அதன் ஓரத்தில் கொக்கிபோல் ஒட்டியிருக்கும் முளையிலும்தான் இரு தரப்பும் சேர்ந்திருக்கின்றன.

வீட்டுத் தோட்டக்காரர்களை ஏமாற்றுவது இந்த ஒரு விஷயம்தான். வெள்ளை விதை பீன்ஸ் கொடியின் பூவில் கறுப்பு விதை ரகத்தின் மகரந்தம் விழுந்தாலும், அந்தக் காயில் விளையும் விதை அச்சாக அம்மாவைப் போல வெள்ளையாகவே இருக்கும். உரிக்கும்போது எந்தச் சந்தேகமும் வராது. நம்பி டப்பாவில் போடுவோம். அடுத்த பருவம் அதை ஊன்றி, கொடி வளர்ந்து, காய்த்து, நெற்றாகி உரித்தால்தான் வேறு நிறம் வெளியே வரும். ஆக, இன்று உங்கள் கையில் இருக்கும் ‘புது நிற’ விதைக்குக் காரணமான வண்டு குறைந்தது ஒரு தலைமுறைக்கு முன்னால் வந்து போயிருக்கிறது. “இந்த வருஷம் பக்கத்தில் எதையும் நடவில்லையே” என்று குழம்புகிறவர்கள் போன வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மக்காச்சோளம் இதற்கு நேர்மாறு. வெள்ளை மணி ரகத்துக் கதிரில் மஞ்சள் ரகத்தின் மகரந்தம் விழுந்தால் அதே கதிரிலேயே மஞ்சள் மணிகள் தெரிந்துவிடும். அங்கே நாம் பார்க்கும் நிறம் தோலுக்கு அடியில், மணியின் சதையில் இருக்கிறது. அந்தச் சதையில் அப்பாவின் பங்கு உண்டு.

திறக்கும் முன்பே முடிந்துவிடும் கல்யாணம்

பீன்ஸ் பூ விரிவதற்கு முந்தின நாள் மாலையிலேயே அதன் மகரந்தப்பைகள் வெடித்துவிடும். மகரந்தத் தாள்களும் சூல்முடியும் படகல்லி என்கிற சுருண்ட இதழுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதால், காலையில் பூ கண் திறக்கும்போது பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். “பீன்ஸ் கலக்காது” என்று விதை சேமிப்பவர்கள் தைரியமாகச் சொல்வது இதனால்தான். பெருமளவு உண்மையும்கூட. சாதாரணமாக நூறு விதையில் ஓரிரண்டுதான் கலப்பாக இருக்கும். பெரிய வண்டுகள் மொய்க்கும் இடத்தில் இது கூடும்.

எந்த வண்டு என்பதுதான் கேள்வி. சின்னத் தேனீக்கு இந்தப் பூவை அழுத்தித் திறக்கும் கனம் போதாது. நம் ஊர் அவரைப் பந்தலில் காலை வெயில் ஏறும்போது ‘ரீங்’ என்று வந்து இறங்கும் கருவண்டைப் பாருங்கள். காய்ந்த மூங்கிலிலும் உத்தரத்திலும் துளை போட்டுக் குடியிருக்குமே, அதேதான். அது சிறகல்லியின் மேல் உட்கார்ந்த கணமே படகல்லி கீழே தாழ்கிறது. உள்ளேயிருந்து சூல்முடி எட்டிப் பார்த்து வண்டின் வயிற்றில் உரசுகிறது. வண்டு எழுந்ததும் பூ பழையபடி மூடிக்கொள்கிறது. எண்ணி மூன்று நொடிதான். என் பந்தலுக்கும் மதிலுக்கு அப்பால் இருக்கும் பந்தலுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

யார் யாரோடு சேரும்?

அவரையும் மொச்சையும் ஒரே இனம். தாவரவியல் கணக்கில் இரண்டுமே லாப்லாப். தோலோடு சமைக்க ஒன்று, பருப்புக்கு இன்னொன்று என்று பிரித்தது நம் சமையலறை. வண்டுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. மொச்சைப் பக்கத்தில் அவரை படர்ந்தால் கலக்கலாம்.

தட்டைப்பயறு, காராமணி, முழ நீளத்துக்குத் தொங்கும் பயத்தங்காய் எல்லாமும் ஒரே இனம்தான். குட்டைக் காயும் நீளக் காயும் கலந்தால் நடுத்தர நீளத்தில் காய்க்கும்.

ஆனால் அவரை காராமணியோடு சேராது. காராமணி பீன்ஸோடு சேராது. அவை வெவ்வேறு பேரினம். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் விளையும் பட்டர் பீன்ஸும் நாம் பொரியல் செய்யும் பீன்ஸும் ஒரே பேரினம் என்றாலும் தோட்டத்தில் தாமாகக் கலப்பதில்லை. ஒரே பந்தலில் இந்த நான்கையும் ஏற்றி, நான்கிலும் கவலையில்லாமல் விதை எடுக்கலாம்.

முன்னே பின்னே விதைத்தால் தப்பிக்கலாமா?

அவரையில் அது பலிக்காது. நாட்டு அவரை பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் கொடி. ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் பகல் குறுகிப் பனி இறங்கும்போதுதான் பூவெடுக்கும். தினை அறுத்த தாளில் அவரை ஏறிப் பூக்கும் முன்பனிக் காலத்தைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்றே குறித்து வைத்திருக்கிறது. ஆகவே ஒரு ரகத்தை ஒரு மாதம் தள்ளி நட்டாலும் இரண்டும் ஒன்றாகவே பூக்கும். பகல் நீளத்தைச் சட்டை செய்யாத குத்து அவரை ரகங்களில் மட்டும் இந்த உத்தி வேலை செய்யும்.

துவரை, தனி ரகம்

பயறு வகைகளில் துவரைக்குக் கலப்பு மிக அதிகம். நூறு விதையில் இருபது கலப்பாக இருப்பது சாதாரணம், அதற்கு மேலும் போவதுண்டு. மலைத்தேனீயும் இலைவெட்டித் தேனீயும் அந்த மஞ்சள் பூவை விடுவதில்லை. சான்று பெற்ற விதை உற்பத்தியில் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் பயிர் விலகு தூரம் 5 மீட்டர் போதும். துவரைக்கு 100 மீட்டர் வேண்டும். வேலியோரம் நாலு துவரைச் செடி வைத்து, “இது எங்க தாத்தா காலத்து ரகம்” என்று சொல்கிறவர்களின் செடியில் ஊர்த் துவரை முழுவதும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

இந்தப் பழக்கத்தையே ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. மகரந்தம் உண்டாகாத துவரைச் செடிகளைத் தாயாக வைத்து, தேனீக்களை வேலை செய்ய விட்டு, ஐ.சி.பி.எச். 8 என்ற வீரிய ஒட்டுத் துவரையை உருவாக்கினார்கள். அது 1991-ல் வெளியானது.

டார்வினுக்கு வந்த பல நிற பீன்ஸ்

1857. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் கோ என்ற தோட்டக்காரர், கறுப்பு விதை கொண்ட குட்டை பீன்ஸை நாலு வரிசை நட்டார். இரு புறமும் வெள்ளை, பழுப்பு விதை ரகங்கள். கொஞ்சம் தள்ளி, செக்கச்செவேலென்று பூக்கும் ஸ்கார்லெட் ரன்னர் கொடி. அறுவடையில் கறுப்பு வரிசையிலிருந்து கறுப்பு விதைதான் கிடைத்தது. அதையே எடுத்து வைத்து மறு வருஷம் விதைத்தார். வளர்ந்தவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. சில குட்டை, சில கொடி. உரித்த விதைகளில் பல நிறம், பல அளவு.

விஷயம் சார்ல்ஸ் டார்வினுக்குப் போனது. அவர் அப்போது அவரைக் குடும்பப் பூக்களில் தேனீ என்ன செய்கிறது என்பதைத் தன் தோட்டத்திலேயே உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். கோவின் பீன்ஸ் கதையைச் சேர்த்து 1858 நவம்பரில் ‘கார்டனர்ஸ் க்ரானிக்கிள்’ இதழுக்கு எழுதினார். உலகையே உலுக்கிய அவருடைய கொள்கை லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வேளையிலும் ஒருவருடைய தோட்டத்து பீன்ஸ் ஏன் நிறம் மாறியது என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறாரே, அந்தக் கவனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஸ்கார்லெட் ரன்னருக்கு வலை போட்டுத் தேனீயைத் தடுத்தபோது விளைச்சல் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்காகவும், சிலவேளை எட்டில் ஒரு பங்காகவும் சரிந்ததாக டார்வின் பதிவு செய்திருக்கிறார். சாதாரண பீன்ஸ் வலைக்குள்ளும் நன்றாகக் காய்த்தது. ஒரு கொடிக்கு வண்டு கட்டாயம், அதன் அக்காள் மகளுக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

கோவின் கறுப்பு விதை ஒரு வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை? காரணம் நாம் பிதுக்கிய தோல்தான்.

பட்டாணி மட்டுமல்ல

மெண்டல் என்றதும் பட்டாணி நினைவுக்கு வரும். 1866-ல் அச்சான அதே கட்டுரையில் பீன்ஸும் இருக்கிறது. வெள்ளைப் பூ பூக்கும் குட்டை பீன்ஸையும் சிவப்புப் பூ பூக்கும் ரன்னர் வகையையும் அவர் கலந்தார். உயரம், காய் வடிவம் எல்லாம் பட்டாணிபோலவே நடந்துகொண்டன. பூ நிறம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அடுத்த தலைமுறையில் அடர்சிவப்பிலிருந்து வெளிர் ஊதாவரை வரிசையாக நிறங்கள். பூத்த 31 செடிகளில் வெள்ளை ஒன்றே ஒன்று. பட்டாணிக் கணக்குப்படி நாலில் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஒரே நிறத்துக்கு இரண்டு மூன்று காரணிகள் சேர்ந்து வேலை செய்தால் வெள்ளை 16-ல் ஒன்றாகவோ 64-ல் ஒன்றாகவோ குறையும் என்று மெண்டல் யோசித்து எழுதினார். எத்தனையோ பேர் பின்னால் கண்டுபிடிக்க இருந்ததை ஒரு பீன்ஸ் பந்தலைப் பார்த்தே அவர் ஊகித்துவிட்டார்.

‘ஜீன்’ என்ற சொல்லே பீன்ஸ் எண்ணியவர் தந்தது. டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஜோஹான்சன் ‘பிரின்சஸ்’ என்ற பீன்ஸ் ரகத்தில் 19 தனி வம்சங்களைப் பிரித்தெடுத்தார். ஒரே வம்சத்துக்குள் பெரிய விதையைப் பொறுக்கி விதைத்தாலும் சின்னதைப் பொறுக்கி விதைத்தாலும், பிள்ளைகளின் சராசரி எடை ஒன்றுதான் என்று 1903-ல் காட்டினார். 1909-ல் ‘ஜீன்’ என்று பெயர் வைத்தவரும் அவரே.

நம் அவரையும் ஆய்வுக்கூடம் கண்டதுதான். கோயம்புத்தூரில் ஜி.என். ரங்கசாமி ஐயங்காரும் கே.கே.கே. நம்பியாரும் அவரை, மொச்சையின் நிறங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி இறங்குகின்றன என்று ஆராய்ந்து 1935-ல் கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளைப் பூவும் ஊதாப் பூவும் கலந்தால் பிள்ளை ஊதா. என் ஒன்பதாவது கொடி அதையே சொன்னது.

வெள்ளையும் பழுப்பும் சேர்ந்தால் கறுப்பு

பீன்ஸில் இது நடக்கும். வெள்ளை விதை என்றால் நிறமே அற்றது என்று நினைக்கிறோம். உள்ளே கறுப்புக்கும் புள்ளிக்கும் வரிக்கும் உரிய மரபணுக்கள் எல்லாம் இருக்கலாம். அவற்றைத் திறக்கும் சாவி ஒன்றுதான் இல்லை. பழுப்பு ரகம் அந்தச் சாவியைக் கொண்டுவந்ததும், இத்தனை தலைமுறையாகப் பூட்டிக் கிடந்த கறுப்பு வெளியே வருகிறது. “இந்த நிறத்தில் ஊரிலேயே பீன்ஸ் கிடையாதே, எங்கிருந்து வந்தது?” என்ற கேள்விக்கு இதுதான் பதில். உங்கள் வீட்டு வெள்ளை விதைக்குள்ளேதான் இருந்தது.

கலப்பா, கலவையா?

விதை டப்பாவில் வேறு நிறம் கண்டதும் வண்டின் மேல் பழி போட வேண்டாம். ஒரே முறத்தில் அடுத்தடுத்து இரண்டு ரகம் புடைத்தாலே நாலு விதை தங்கிவிடும். நெற்று மழையில் நனைந்தால் தோல் கறுக்கும். வருஷக்கணக்கில் வைத்த விதையும் பழுப்பேறும்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. தோல் தாயுடையது என்பதால், ஒரு கொடியில் விளையும் எல்லா விதைக்கும் ஒரே தோல்தான். ஒரு கொடி முழுக்க வேறு நிற விதை என்றால் கலப்பைச் சந்தேகிக்கலாம். ஒரே நெற்றுக்குள் நாலு வெள்ளை, ஒரு கறுப்பு என்றால் காரணம் அந்த வருஷத்து வண்டு அல்ல. முற்றாத விதையா, நோயா, அந்த ரகத்தின் இயல்பா என்று பாருங்கள். சில புள்ளி ரகங்களில் நிறம் தலைகீழாகி ஒரு விதை வருவதுண்டு.

இன்னும் உறுதி வேண்டுமா? அந்த விதையில் பத்தை எடுத்துத் தனியாக ஊன்றுங்கள். பத்தும் ஒரே மாதிரி வந்தால் முறத்தில் கலந்த வேற்று ரகம். ஆளுக்கொரு மாதிரி வந்தால் கலப்புதான். குட்டை பீன்ஸ் ஊன்றி ஒன்று மட்டும் கம்பைத் தேடித் தாவினால் அதுவும் ஒரு தடயம். கொடி குணம் குட்டையை மறைத்துவிடும்.

சாப்பிடலாமா?

கலந்த அவரையையும் பீன்ஸையும் வழக்கம்போலச் சமைத்துச் சாப்பிடலாம். நிறம் மாறியதால் நஞ்சு ஏறாது. ஆனால் முற்றிய பீன்ஸ் விதை எந்த நிறமானாலும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும். அரை வேக்காட்டு விதையில் இருக்கும் லெக்டின் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும்.

சுரை, பூசணி, பீர்க்கு விஷயம் வேறு. வீட்டு விதையில் வந்த காய் கசந்தால் ஒரு வாய்கூட விழுங்கக் கூடாது. காட்டுச் சொந்தங்களோடு கலந்த விதையில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு திரும்பி வரும். சமைத்தாலும் அது போகாது. குப்பைக் குழிக்குத்தான் போக வேண்டும்.

ஒரு முழத் துணி போதும்

அசல் ரகத்தை அப்படியே காப்பாற்ற வேண்டுமா? மொட்டு விரியும் முன்பே நாலு பூங்கொத்துக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டிவிடுங்கள். அவரை, பீன்ஸ், காராமணி பைக்குள் தாமாகவே காய்க்கும். பிஞ்சு வந்ததும் பையை அவிழ்த்து, காம்பில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். நூல் கட்டிய காய் விதைக்கு, மற்றவை சாம்பாருக்கு. நெற்று உரித்ததும் பயறு வண்டு வராமல் நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து மூடலாம். டப்பாவில் ரகத்தின் பெயரோடு வருஷத்தையும், அந்த வருஷம் அக்கம்பக்கத்தில் என்ன பூத்தது என்பதையும் ஒரு வரி எழுதி ஒட்டினால் பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

விதை உற்பத்தியில் ஈடுபடுவோர் வயலில் இறங்கிக் ‘கலவன்’ பிடுங்குவார்கள். அவரையில் கலவன் பிடுங்கப் பூக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பச்சை ரகத்தில் ஊதாக் கணு நாலு இலைக் கன்றிலேயே தெரிந்துவிடும்.

பிடுங்க மனமில்லாதவர்களுக்கு

புது நிறம் பிடித்துப்போய் அதையே ரகமாக்க ஆசைப்பட்டால் பொறுமை வேண்டும். கலப்புக் கொடி ஒவ்வொரு தலைமுறையிலும் தன்னைத்தானே கருவூட்டிக்கொள்ளும்போது, இரு தரப்புக் குணங்களுக்கிடையிலான இழுபறி பாதி பாதியாகக் குறைகிறது. முதல் பிள்ளைகளில் நூறு என்றால் அடுத்து 50, பிறகு 25, 12.5, 6.25, 3.1. ஆறாம் தலைமுறைக்குள் பெரும்பாலும் நிலைத்துவிடும். வருஷத்துக்கு ஒரே போகம் தரும் அவரையில், பிடித்த கொடியின் விதையை மட்டும் தனித்தனியே எடுத்து ஐந்தாறு மார்கழி பார்க்க வேண்டும்.

நான் அந்த ஒன்பதாவது கொடியைப் பிடுங்கவில்லை. மற்ற எட்டை அத்தையின் விதைக்கென்று பை கட்டி வைத்துவிட்டு, இதற்கும் தனியாக ஒரு பை கட்டினேன். நெற்று உரித்தபோது விதை எல்லாமே கறுப்பு, வெள்ளை மூக்கோடு. அதில் 11 விதைகளை இந்த ஆடியில் மொட்டைமாடித் தொட்டிகளில் ஊன்றினேன். பதினொன்றும் முளைத்தன. நேற்றுக் காலை ஒவ்வொரு கணுவாகக் குனிந்து பார்த்தேன். எட்டில் ஊதா, மூன்றில் பச்சை.